கணினிக்கு வியர்க்காது: கேபினெட் ஃபேன் வாங்கப் போகிறவர்களுக்கு

அழகர் ஆற்றில் இறங்கி, மலைக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்த மறுவாரம். மதுரை வெயில் அதற்குப் பிறகுதான் தன் முழுக் குணத்தையும் காட்டும். திருநகரில் இருக்கும் அக்கா மகன் தொலைபேசியில் அழைத்தான். “மாமா, காலையில் விளையாடினால் கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. மத்தியானம் பத்தே நிமிடத்தில் திணறுகிறது. இன்னும் இரண்டு ஃபேன் வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?”

அவனுடைய பெட்டியில் ஏற்கெனவே ஆறு ஃபேன்கள் இருந்தன. ஆறிலும் தீராத சூடு எட்டில் தீருமா என்று கேட்டேன். பதில் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

போகிற வழியில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மேசைக்குக் கீழே நிற்கும் பெட்டியை நம் ஊரில் ‘சிபியு’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சிபியு என்பது அந்தப் பெட்டிக்குள் இருக்கும், உள்ளங்கையில் அடங்கிவிடுகிற பிராசசர் மட்டும்தான். வெளிப்பெட்டிக்குப் பெயர் கேபினெட். பிராசசரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் ஃபேன் வேறு, கேபினெட்டின் சுவரில் பூட்டியிருக்கும் ஃபேன் வேறு. கடையில் போய் “சிபியு ஃபேன் கொடுங்கள்” என்று கேட்டால் முதல் வகையைத்தான் எடுத்து நீட்டுவார்கள். இங்கே பேசப்போவது இரண்டாவது வகையைப் பற்றி.

ஃபேன் எதையும் குளிர வைப்பதில்லை. இது புரிந்துவிட்டால் பாதிக் காசு மிச்சம். சித்திரை மாதத்து மத்தியானத்தில் சீலிங் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தால் நமக்குச் சுகமாக இருக்கிறதே என்றால், அதற்குக் காரணம் நம் வியர்வை. ஃபேன் காற்று வியர்வையை உலர்த்துகிறது, உலரும்போது அது உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஆளில்லாத அறையில் ஃபேன் மணிக்கணக்கில் சுற்றினாலும் அறையின் வெப்பமானி ஒரு டிகிரிகூட இறங்காது. கணினிக்கு வியர்க்காது. ஆகவே கேபினெட் ஃபேனால் செய்ய முடிந்த வேலை ஒன்றே ஒன்றுதான்: உள்ளே சூடேறிய காற்றை வெளியே அனுப்பிவிட்டு, அறையின் காற்றை உள்ளே கொண்டுவருவது. எத்தனை ஃபேன் போட்டாலும் பெட்டிக்குள் இருக்கும் காற்று அறையின் காற்றைவிடக் குளிர்ந்துவிடாது.

வெளிநாட்டுக்காரர்கள் சொல்லும் கணக்கு மதுரையில் தப்பிப்போவது இந்த இடத்தில்தான். ஏசி அறையில் வெப்பம் 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். மோசமான கேபினெட்டுக்குள் காற்று இன்னொரு 15 டிகிரி ஏறி 37 ஆகிறது. அந்தக் காற்றைக் கொண்டு தன்னை ஆற்றிக்கொள்ளும் பிராசசர், முழு வேலையில் அதற்கு மேல் 45 டிகிரி ஏறினால் 82. கவலையில்லை. அதே பெட்டியை மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் திருநகர் அறையில் வையுங்கள். மத்தியானம் அறையே 37. உள்ளே 52. பிராசசர் 97. இப்போது வரும் பிராசசர்களில் பெரும்பாலானவை 95, 100 டிகிரியை நெருங்கியதும் கருகிவிடாமல் இருக்கத் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அக்கா மகன் சொன்ன திணறல் அதுதான். காலையில் மாடித் தளம் ஆறியிருக்கும்போது அது வராததற்கும் இதுவே காரணம். ஏசி அறையில் மன்னிக்கப்படுகிற காற்றோட்டக் குறையை நம் ஊர் வெயில் மன்னிக்காது.

அறையின் 37ஐ ஏசி இல்லாமல் மாற்ற முடியாது. பிராசசரின் 45ஐ அதன் தலைமேல் இருந்து அதை ஆற்றும் கூலர்தான் தீர்மானிக்கிறது. நடுவில் இருக்கும் அந்த 15 மட்டுமே கேபினெட் ஃபேனின் எல்லை. அதை 5 ஆக்கினால் பிராசசர் 87க்கு வந்துவிடும்.

இதற்கு எவ்வளவு காற்று வேண்டும்? பெட்டிக்குள் செலவாகும் மின்சாரம் ஏறத்தாழ முழுவதும் கடைசியில் சூடாகவே வெளிவருகிறது. வாட் கணக்கை 1.76ஆல் பெருக்கி, எத்தனை டிகிரி ஏறலாம் என்று நினைக்கிறீர்களோ அதால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை கன அடிக் காற்று ஓட வேண்டும் என்பது கிடைக்கும். ஃபேன் அட்டையில் சிஎஃப்எம் என்று போட்டிருப்பது இந்த அளவைத்தான். விளையாடும்போது 350 வாட் இழுக்கும் கணினி 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருக்கச் சுமார் 62 சிஎஃப்எம் போதும். 5 டிகிரிக்கு மேல் கூடாது என்றால் 123. இரண்டரை டிகிரி என்றால் 246. முதல் மடங்கில் 5 டிகிரி கிடைத்தது, அடுத்த மடங்கில் இரண்டரைதான். ஃபேன்களைச் சேர்த்துக்கொண்டே போனால் சத்தமும் செலவும் குறையாமல் ஏறும், பலன் மட்டும் பாதி பாதியாகத் தேயும். மூன்று நல்ல ஃபேன்களுக்கு மேல் சாதாரண வீட்டுக் கணினிக்குத் தேவைப்படுவதே அபூர்வம்.

அப்படியானால் ஆறு ஃபேன் இருந்தும் அவன் பெட்டி ஏன் கொதித்தது?

கடைக்குப் போகும் முன் யாரும் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. கேபினெட்டின் பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, அதே விளையாட்டை அதே நேரம் ஓட்ட வேண்டும். வெப்பம் நாலைந்து டிகிரிக்கு மேல் இறங்கினால் குறை காற்றோட்டத்தில். அசையவே இல்லை என்றால் கேபினெட் ஃபேன் வாங்குவது வீண். பிராசசர் கூலரையும், சூட்டைக் கூலருக்குக் கடத்த அதன் அடியில் தடவியிருக்கும் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்பதையும் பாருங்கள். அவன் கணினியில் 97 இருந்தது 84க்கு இறங்கியது. வியாதி தெரிந்துவிட்டது.

(கண்ணாடியைக் கழற்றியே வைத்துவிட்டு டேபிள் ஃபேனைத் திருப்பிவிடலாமே என்றான். செய்யலாம், சூடு நன்றாகவே இறங்கும். ஆனால் பல்லி குடியேறுவதற்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.)

அக்காவிடம் ஒரு ஊதுபத்தி வாங்கிக் கொளுத்தினேன். கணினி ஓடும்போது ஒவ்வொரு ஃபேனுக்கும் அருகில், சாம்பல் உள்ளே விழாதபடி சற்று எட்டவே பிடித்துப் புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்க வேண்டும். முன்பக்கம் மூன்று ஃபேன்கள். அவற்றுக்கு முன்னால் அழகான கறுப்புக் கண்ணாடி, ஓரத்தில் விரல்கூட நுழையாத இடுக்கு. புகை அந்த இடுக்கில் தயங்கித் தயங்கிக் கொஞ்சம் போனது, மீதி மேலே எழும்பிவிட்டது. கூரையில் இரண்டு ஃபேன்கள். இரண்டும் புகையை மேலே தள்ளின, சரி. பின்பக்கத்து ஃபேனுக்கு அருகில் கொண்டுபோனேன். புகை வெளியே சிதறியிருக்க வேண்டும். மாறாக, நூல் பிடித்தாற்போல் நேராக உள்ளே போனது. யாரோ அந்த ஃபேனைத் திருப்பிப் பூட்டியிருந்தார்கள். பிராசசர் கூலர் சூட்டைப் பின்பக்கமாகத் தள்ள, இந்த ஃபேன் எதிரே நின்று அதை உள்ளேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது.

ஃபேனின் திசையைக் கண்டுபிடிப்பது எளிது. இறக்கைகள் மறைவில்லாமல் தெரியும் முகம் காற்றை இழுக்கும். நடுவில் ஸ்டிக்கரும், மோட்டாரைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களும் இருக்கும் முதுகு காற்றைத் தள்ளும். சில ஃபேன்களின் ஓரத்தில் அம்புக்குறியே இருக்கும். வண்ண விளக்கு ஃபேன்களில்தான் வம்பு. அழகான முகம் கண்ணாடி வழியே தெரிய வேண்டும் என்பதற்காக, காற்றை உள்ளே இழுக்க வேண்டியதைத் திருப்பிப் பூட்டி வெளியே தள்ள வைத்துவிடுகிறார்கள்.

பழைய ஊர் வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். திண்ணை, ரேழி, முற்றம், கொல்லை எல்லாம் ஒரே கோட்டில் இருக்கும். வாசல் கதவையும் கொல்லைக் கதவையும் சேர்த்துத் திறந்தால்தான் காற்று ஓடும். கேபினெட்டிலும் அப்படியே: முன்பக்கமோ கீழ்ப்பக்கமோ வாசல், பின்பக்கமும் மேல்பக்கமும் கொல்லை. நடுவில், திரையில் தெரியும் படங்களை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டும் பிராசசரும். சூடான காற்று தானாக மேலே எழும், ஆகவே மேல்பக்கம் ஃபேன் இருந்தே தீர வேண்டும் என்று சிலர் அடித்துப் பேசுவார்கள். எழும் என்பது உண்மைதான். ஆனால் இவ்வளவு சிறிய பெட்டியில் அந்த எழுச்சியின் பலம், ஒரு ஃபேனின் தள்ளுதலுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கூரையில் முன்பக்கமாக, அதாவது வாசலுக்கு நேர் மேலே, வெளியே தள்ளும் ஃபேனை வைத்தால் கெடுதல்தான்: அப்போதுதான் உள்ளே வந்த புதுக் காற்று, பிராசசரை எட்டும் முன்பே கூரை வழியே போய்விடும். அவன் பெட்டியில் அதுவும் நடந்துகொண்டிருந்தது.

உள்ளே இழுப்பது அதிகமாக இருக்க வேண்டுமா, வெளியே தள்ளுவது அதிகமாக இருக்க வேண்டுமா? சமையலறையில் கதவு ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டால், கதவின் அடி இடுக்கில் காற்று சீறிக்கொண்டு நுழையும். வெளித்தள்ளும் ஃபேன்கள் அதிகமான கேபினெட்டிலும் அப்படித்தான், யுஎஸ்பி துளை, கார்டு இடுக்கு என்று கிடைத்த இடத்திலெல்லாம் காற்று நுழையும். அங்கெல்லாம் வடிகட்டி கிடையாது. தூசி நேரே மதர்போர்டில் போய் உட்காரும். உள்ளே இழுப்பது சற்றுக் கூடுதலாக இருந்தால் இடுக்குகள் வழியே காற்று வெளியேறும், தூசி முன்பக்க வடிகட்டியோடு நின்றுவிடும். வெப்பத்தைப் பொறுத்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நம் ஊர்ப் புழுதிக்கு இழுப்பது ஒரு படி கூட இருப்பதையே நான் விரும்புவேன்: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று.

இனி கடை. முதலில் அளவுகோலை எடுத்துக் கேபினெட்டை அளந்துகொண்டு போக வேண்டும். பெரும்பாலும் 120 அல்லது 140 மில்லிமீட்டர். இது சட்டத்தின் அகலம், ஸ்க்ரூ துளைகளுக்கு நடுவில் உள்ள தூரம் அல்ல. துளைக்குத் துளை அளந்தால் 120க்கு 105 மில்லிமீட்டரும், 140க்கு 124.5 மில்லிமீட்டரும் இருக்கும். துளையை மட்டும் அளந்துவிட்டு நூறு மில்லிமீட்டர் ஃபேன் தேடி அலைந்தவர்களைக் கண்டிருக்கிறேன். சாதாரணத் தடிமன் 25 மில்லிமீட்டர்.

இடம் இருந்தால் பெரியதையே வாங்குங்கள். 140இன் பரப்பு 120ஐவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். அதே காற்றை மெதுவாகச் சுற்றியே தந்துவிடும். மெதுவாகச் சுற்றுவதில்தான் இந்த வியாபாரத்தின் சூட்சுமமே இருக்கிறது. வேகத்தை இரட்டித்தால் காற்றும் இரட்டிக்கும், ஆனால் சத்தம் சுமார் 15 டெசிபல் ஏறும், மின்செலவு எட்டு மடங்காகும். அதே காற்றுக்காக இன்னொரு ஃபேனைப் பக்கத்தில் சேர்த்தால் சத்தம் ஏறுவது 3 டெசிபல்தான். 3,000 சுற்று என்று அட்டையில் பெருமையாக அச்சிட்டிருக்கும் ஃபேனை வாங்கிப் படுக்கையறையில் வைத்துவிட்டு, பிறகு என்னிடம் வந்து புலம்பாதீர்கள்.

அட்டையில் சிஎஃப்எம்முக்குப் பக்கத்தில் ஸ்டாடிக் பிரஷர் என்று இன்னோர் எண் இருக்கும், மில்லிமீட்டர் நீர் என்ற கணக்கில். 2 மில்லிமீட்டர் என்றால், அந்த ஃபேன் தரும் அழுத்தம் ஒரு குழாயில் தண்ணீரை 2 மில்லிமீட்டர் உயர்த்தும் என்று பொருள். அவ்வளவு அற்பமான பலம்தான். அதனால்தான் கண்ணாடி, வடிகட்டி, தண்ணீரால் ஆற்றும் கூலரின் ரேடியேட்டர் என்று எது குறுக்கே வந்தாலும் ஃபேன் திண்டாடுகிறது. டேபிள் ஃபேனைக் கொசுவலை அடித்த ஜன்னலுக்குப் பின்னால் வைத்து, வெளியே கையை நீட்டிப் பார்த்தால் விளங்கும்.

அட்டையில் உள்ள இந்த இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் கிடைப்பவை அல்ல என்பது பலருக்குத் தெரியாது. சிஎஃப்எம் என்பது எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது ஓடும் காற்று. ஸ்டாடிக் பிரஷர் என்பது காற்றே ஓடாதபடி முழுக்க அடைத்துவிட்டபோது எழும் அழுத்தம். உங்கள் பெட்டியில் ஃபேன் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ வேலை செய்யும். 60 சிஎஃப்எம் என்று வாங்கியது உள்ளே பூட்டிய பிறகு அதில் பாதியே தந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். வடிகட்டிக்கோ ரேடியேட்டருக்கோ பின்னால் உட்காரப்போகும் ஃபேனுக்கு அழுத்த எண் முக்கியம். வெறும் கம்பிவலைக்கு முன்னால் நின்று வெளியே தள்ளும் பின்பக்க ஃபேனுக்கு அது அவ்வளவாக வேண்டாம்.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது? அகலமான, நெருக்கமான இறக்கைகளிலிருந்து. அதைவிட, இறக்கை நுனிக்கும் வெளிச்சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் குறைப்பதிலிருந்து. தள்ளிய காற்று அந்த இடைவெளி வழியே திரும்பி ஒழுகிவிடும். நாக்டுவா என்ற ஆஸ்திரிய நிறுவனம் 2018இல் கொண்டுவந்த 120 மில்லிமீட்டர் ஃபேனில் அந்த இடைவெளி 0.5 மில்லிமீட்டர்தான். சூட்டிலும் சுழற்சியிலும் இறக்கை நீண்டு சட்டத்தில் உரசிவிடாமல் இருக்கத் தனிப் பிளாஸ்டிக்கே தேவைப்பட்டது. அதன் காற்று 60 சிஎஃப்எம், அழுத்தம் 2.34 மில்லிமீட்டர். விலையைக் கேட்டால் நமக்கும் வியர்க்கும். அதைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. கடையில் கையில் எடுத்து, விரலால் மெல்லச் சுற்றிவிட்டு, இறக்கை நுனியைப் பாருங்கள். நெல்மணி நுழையும் அளவு இடைவெளி இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

பேரிங் பற்றிச் சுருக்கமாக: ஸ்லீவ் பேரிங் மலிவு, ஆனால் சூட்டில் அதன் எண்ணெய் சீக்கிரம் வற்றும், கூரையில் படுக்கைவாட்டில் பூட்டினால் இன்னும் சீக்கிரம். ஃப்ளூயிட் பேரிங் அமைதியானது, நீடித்து உழைக்கும். இரட்டை பால் பேரிங் சூட்டைத் தாங்கும், கொஞ்சம் முனகும். நம் வெயிலுக்கு முதல் வகை வேண்டாம்.

இணைப்பில் 4 பின் உள்ளதை வாங்குங்கள். 3 பின் ஃபேனின் வேகத்தை மின்னழுத்தத்தைக் குறைத்துத்தான் கட்டுப்படுத்த முடியும். மிகவும் குறைத்தால் நின்றுவிடும். 4 பின்னில் 12 வோல்ட் அப்படியே இருக்க, நான்காவது கம்பி வழியே வேகத்துக்கான கட்டளை தனியாகப் போகும். பிரிப்பான் கம்பி போட்டு ஒரே முனையில் பல ஃபேன்களைச் செருகலாம், ஆனால் மதர்போர்டின் ஒரு முனை பொதுவாக 1 ஆம்பியர்தான் தாங்கும். ஸ்டிக்கரில் இருக்கும் ஆம்பியர்களைக் கூட்டிப் பாருங்கள். விளக்குக் கம்பியில் இன்னும் எச்சரிக்கை வேண்டும்: ஒவ்வொரு விளக்கும் தனி நிறம் காட்டும் வகைக்கு 5 வோல்ட், 3 பின், எல்லாம் ஒரே நிறத்தில் எரியும் வகைக்கு 12 வோல்ட், 4 பின். முதலாவதை இரண்டாவதன் முனையில் அழுத்திச் செருகினால் விளக்குகள் அந்த நொடியே போய்விடும்.

திருநகரில் பின்பக்க ஃபேனை நான்கு ஸ்க்ரூ கழற்றித் திருப்பிப் பூட்டினேன். கூரையின் முன்பக்க ஃபேனைக் கழற்றிவிட்டேன். முன்பக்கத்து மூன்று விளக்கு ஃபேன்களுக்குப் பதில் 140 மில்லிமீட்டரில் இரண்டு வாங்கினோம். ஆறு ஃபேன் நான்காயிற்று. முன் கண்ணாடியை எடுப்பதற்குத்தான் பெரிய பஞ்சாயத்து. “அதற்காகத்தானே மாமா இந்தக் கேபினெட்டையே வாங்கினேன்” என்றான். கடைசியில் கண்ணாடிக்குப் பதில் காந்தப் பட்டையில் ஒட்டும் வலை வந்து உட்கார்ந்தது. மேசையின் மூடிய தட்டுக்குள் சொருகியிருந்த பெட்டியை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தோம். மறுநாள் மத்தியானம், அதே 37 டிகிரி அறையில், பிராசசர் 86இல் நின்றது.

பிறகும் ஒரு குறை சொன்னான்: விளையாடாதபோதும் ஃபேன்கள் இரைகின்றன. கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் திரையான பயாஸில் இருக்கும் வேகக் கணக்கைப் பார்த்தால், 40 டிகிரியில் ஃபேன் வேகமெடுக்கத் தொடங்கும்படி இருந்தது. குளிர் தேசத்து அறைக்கு அது சரி. இங்கே சும்மா இருக்கும்போதே பிராசசர் 50இல் நிற்கும், ஆகவே ஃபேனுக்கு ஓய்வே கிடையாது. 60 வரை 40 சதவீதத்தில் அசையாமல் ஓடட்டும், அதற்கு மேல் படிப்படியாக ஏறி 85இல் முழு வேகம் வரட்டும் என்று மாற்றினேன். இரைச்சல் அடங்கியது.

வடிகட்டியைச் சுத்தம் செய்ய நான் வைத்திருக்கும் கணக்கு, ஆடி முடிந்ததும் ஒருமுறை, தை பிறக்கும் முன் ஒருமுறை. அம்மியையே நகர்த்தும் ஆடிக்காற்று புழுதியை விட்டுவைக்காது. புளோயரால் ஊதும்போது இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காமல் விட்டால் அது தன் வேகத்தை மீறிச் சுழன்று பேரிங்கைக் கெடுத்துக்கொள்ளும். ஆவணியில் அவன் முன்பக்க வலையைக் கழற்றிக் கூடத்திலேயே வைத்துத் தட்டினான். அக்கா விளக்குமாற்றோடு வந்தாள். பெருக்குவதற்குத்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான்.